தரீக்காக்கள் பல ஏன்?

ஸூபி ஞானிகளிடையே காதிரிய்யா, சிஷ்தியா, ஸுஹ்ரவர்தியா, நக்ஷபந்தியா, ஷாதுலிய்யா என்று பல தரீக்காக்கள், அதாவது குருபரம்பரைகள், வழங்கிவருவதைக் கேள்வியுறும் வெளியார் பலர், இஸ்லாத்திலும் கட்சிகள் மலிந்துவிட்டன போலும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் வேதமும் நபியும் தொழுகையும் இவர்கள் அனைவருக்கும் ஒன்றே. பெரும்பாலான பரம்பரைகள் அலீ நாயகத்தின் வழியாகவும், நக்ஷபந்திகள் முக்கியமாக அபூபக்கர் நாயகத்தின் வழியாகவும், ஸில்ஸிலா என்னும் தங்கள் குருத்தொடரை நபிகள் நாயகத்தினிடமே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. மனிதனுடைய மனம் எதற்கு வசப்படும் என்று ஒவ்வோர் ஆசாரியரும் தம் அனுபவத்தில் கண்ட விடை வேறுபட்டதனால்தான் பாதைகளும் வேறுபட்டன.

சிலருடைய உள்ளம் நாதத்தால் உருகுவது. 1235-ல் தில்லியில், சிஷ்தி மகான் குத்புத்தீன் பக்தியார் காக்கி, ஸமாஉ என்னும் இசைக்கூட்டத்தில் பாரசீகக் கவிதையொன்றின் அடியைக் கேட்டு மெய்ம்மறந்தவராய், தொழுகை வேளைகளில் மாத்திரம் தெளிந்து தொழுதுவிட்டு, மீண்டும் அதே அடியைப் பாடச் சொல்லி, நான்கு நாள் பரவசத்திலேயே கிடந்து உயிர் நீத்தார் என்று அப்பரம்பரையின் வரலாறுகள் கூறும். புகாராவுக்கு அருகில் பிறந்த பஹாவுத்தீன் நக்ஷபந்தோ (1318–1389) இசையையும், இறைநாமத்தை உரக்க ஓதும் திக்ரையும் ஒதுக்கிவிட்டார். நாவசையாமல் நெஞ்சுக்குள்ளேயே இறைநாமத்தைத் தியானிப்பதும், நடக்கும்போது பார்வையைப் பாதத்தின்மீது நிறுத்துவதும், கடைவீதி இரைச்சலின் நடுவிலும் அந்தரங்கத்தில் ஏகாந்தமாயிருப்பதும் நக்ஷபந்திகளின் சாதனம். பாட்டைக் கேட்டால் தாளத்தை மாத்திரம் கவனிக்கும் சுபாவமுடையவனுக்கு இந்த மௌனமே ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

பொருட்செல்வத்தைப் பற்றிய வேற்றுமை இதனினும் சுவையானது. ஒரே காலத்தில், பஞ்சாப் பிரதேசத்தின் அஜோதனில் சிஷ்திகளின் பாபா பரீதும், முல்தானில் ஸுஹ்ரவர்திகளின் பஹாவுத்தீன் ஸக்கரிய்யாவும் வாழ்ந்தார்கள். பரீதின் ஆசிரமத்தில் சீடர்கள் காட்டிலிருந்து பறித்துவரும் காய்களே பலநாள் உணவு. ஒருநாள் அந்தக் காயில் சேர்த்த உப்பு கடனாக வாங்கப்பட்டது என்றறிந்து, எடுத்த கவளத்தை அவர் உண்ணாமல் வைத்துவிட்டார் என்றொரு செய்தி உண்டு. முல்தானிலோ தானியக் களஞ்சியமும் பொக்கிஷமும் நிறைந்திருந்தன, அரசர்களோடும் உறவிருந்தது. இதைக் குறைகூறியவர்கள் அன்றே இருந்தார்கள். ஆயினும், பெருங்குடும்பமும் நிலபுலமும் உடையவனிடம் அனைத்தையும் துறந்துவிட்டு வா என்றால் அவன் வரவே மாட்டான் என்பதையும், செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டே நெஞ்சில் வையாதிருக்கப் பழகுவதும் ஒரு தவமே என்பதையும் அக்குறைகூறுவோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த விளக்கத்தை அளவுக்குமேல் நீட்டுவதும் பிசகு. மனோபாவத்தை ஆராய்ந்து தரீக்காவைத் தேர்ந்துகொண்டவர்கள் சிலரே. தகப்பனார் எந்த ஷைகிடம் பைஅத், அதாவது தீட்சை, பெற்றாரோ அந்த வழியிலேயே பிள்ளையும் பெறுவது பெருவழக்கு. ஒருவரே பல பரம்பரைகளில் தீட்சை பெறுவதும் உண்டு: நக்ஷபந்தியாவுக்கு இந்தியாவில் பெருமை தேடித்தந்த ஸிர்ஹிந்த் நகரத்து ஷைகு அஹ்மத் (1564–1624), முன்னர்த் தம் தந்தையாரிடம் சிஷ்தி வழியைப் பெற்றிருந்தவர். நம் காயல்பட்டினத்திலும் காதிரிய்யாவினரின் மஹ்லரா, ஷாதுலிய்யாவினரின் ஜாவியா என்னும் கூடங்கள் இரண்டும் ஒரே ஊருக்குள் இருக்கின்றன.

அந்த ஷாதுலிய்யா, வாணிகர்களுக்கென்றே அமைந்தாற்போன்ற வழி. 1258-ல் ஹஜ்ஜுப் பிரயாணத்தின் நடுவே எகிப்தியப் பாலைவனத்தில் மறைந்த அபுல்ஹஸன் ஷாதுலி, கந்தை உடுத்தவோ பிச்சை ஏற்கவோ சீடர்களைப் பணித்தாரில்லை; தத்தம் தொழிலில் இருந்துகொண்டே சாதனை புரியச் சொன்னார். அவருக்குப்பின் அலெக்ஸாந்திரியாவில் குருவாயிருந்த அபுல் அப்பாஸ் முர்ஸியிடம், இளம் சட்ட மாணவரான இப்னு அதாவுல்லாஹ், ஞானிகளோடு சேர்பவனுக்குப் படிப்பு வாராது என்று தோழர்கள் சொன்னதனால் கலங்கிப்போய் வந்து நின்றார். வாணிகனிடம் கடையை விடு என்றோ, தொழிலாளியிடம் தொழிலை விடு என்றோ, மாணவனிடம் கல்வியை விடு என்றோ தாம் சொல்வதில்லை என்றும், இறைவன் வைத்த இடத்திலேயே அவரவருக்கு உரியது வந்துசேரும் என்றும் ஷைகு தெளிவித்தார். இப்னு அதாவுல்லாஹ் படிப்பை விடவில்லை. மாலிகி மத்ஹபின் சட்ட அறிஞராகவே கெய்ரோவில் பாடம் சொல்லிக்கொண்டிருந்து 1309-ல் காலமானார். அவர் இயற்றிய 'அல்ஹிகம்' தரீக்கா வேற்றுமையின்றி இன்றும் ஓதப்பட்டு வருகிறது.