கணினி நின்றாலும் சிகிச்சை நிற்கலாகாது
மருத்துவப் பதிவேடுகளைக் காக்கும் முறைகள் குறித்த விளக்கம்

பதிவு முகப்பில் சில வேளைகளில் “கணினி இயங்கவில்லை, சற்றுப் பொறுத்திருங்கள்” என்னும் சொற்களைக் கேட்டிருப்பீர்கள். நம்முடைய பழைய பரிசோதனை முடிவுகள் அழிந்துபோயிருக்குமோ என்ற அச்சம் அப்போது எழுவது இயல்பு. அவ்வச்சத்தைப் போக்கவே இவ்விளக்கத்தை எழுதுகிறோம்.

பதிவேடு வெறும் அலுவலகக் கணக்கன்று. ஒருவருக்குப் பென்சிலின் ஒவ்வாது என்பதும், இதய வால்வு மாற்றியவர் உட்கொள்ளும் வார்ஃபரின் மாத்திரையின் அளவும், கருவுற்ற பெண்ணின் இரத்தப் பிரிவு நெகட்டிவ் என்பதும் அதில்தான் உள்ளன. உரிய நேரத்தில் அவை கண்முன் இல்லையெனில் சிகிச்சையே பிழைபட நேரும்.

தில்லியில் நிகழ்ந்தது

2022ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை இணையத் தாக்குதலாளர்கள் முடக்கினர். 5 சர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவுகள் திறக்க இயலாதவாறு பூட்டப்பட்டன. ஏறக்குறைய இரு வாரங்கள் பதிவும், ஆய்வக முடிவுகளும், கட்டண விவரங்களும் கையால் எழுதப்பட்டன. ஆயினும் பாதிப்புறாத ஒரு காப்பு சர்வரில் தரவுகளின் படி இருந்தது. அதிலிருந்து அனைத்தையும் மீட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றினர். தனித்து நின்ற அந்த ஒரு படியே பதிவேடுகளைக் காத்தது.

பேரேடும் நாள்வழியும்

நம் ஊர் ஏலக்காய் மண்டிகளில் பேரேடு, நாள்வழி என இருவகைக் கணக்குகள் வைத்திருந்ததைப் பெரியவர்கள் அறிவர். அன்றாட வரவு செலவு நிகழ்ந்த வரிசையில் நாள்வழியில் ஏறும். பின்னர் அவரவர் பெயரில் பேரேட்டில் பதியப்படும். பேரேடு நனைந்து அழிந்தாலும், பழைய படி ஒன்றும் அதன்பின் எழுதிய நாள்வழியும் இருந்தால் கணக்கை மீண்டும் எழுதிவிடலாம். தரவுத்தளமும் இம்முறையிலேயே இயங்குகிறது. இரவில் முழுப்படி எடுக்கப்படும். பகலில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் தனிக் கோப்பில் வரிசையாகப் பதிவாகும். இரண்டையும் சேர்த்தால், பழுது நேர்ந்த கணத்திற்குச் சற்று முன்பிருந்த நிலை வரை மீட்க இயலும்.

இங்கு இரு கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை காணவேண்டும். எவ்வளவு நேரத்துப் பதிவை இழந்தால் பொறுக்கலாம்? எவ்வளவு நேரத்திற்குள் மீண்டும் இயங்கவேண்டும்? இரவுப் படி மட்டும் இருப்பின், மாலையில் நேரும் பழுது அன்று முழுவதும் பதிந்தவற்றை விழுங்கிவிடும். அவசரப் பிரிவுக்கு அது பொருந்தாது.

துணை சர்வர் வேறு, காப்புப் படி வேறு

முதன்மை சர்வர் நின்றால் உடனே பொறுப்பேற்கத் துணை சர்வர் ஒன்று வைப்பதுண்டு. சேவை தடைபடாதிருக்க அது உதவும். ஆயின், முதன்மையில் ஒரு பதிவு தவறுதலாக அழிக்கப்பட்டால் அடுத்த நொடியே துணையிலும் அழியும். எனவே துணை சர்வரைக் காப்புப் படியாகக் கருதலாகாது. மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பதே பொதுவான நெறி. பெருமழையில் போடிமெட்டு மலைச்சாலையில் பாறைகள் சரிந்து போக்குவரத்து நிற்பதையும் மின்சாரம் தடைபடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். ஒரே கட்டடத்தில் அனைத்துப் படிகளையும் வைப்பது எவ்வளவு இடர் என்பதை நமக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வேறிடத்தில் உள்ள படியையும் வலையமைப்பிலிருந்து துண்டித்து வைத்தால்தான் தில்லியில் நேர்ந்தது போன்ற தாக்குதல் அதனைத் தொடாது.

மீட்டுப் பார்த்தாலன்றி நம்புவதற்கில்லை

2017ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. ஐந்துவகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் நம்பத்தக்கவாறு இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்த படியே கைகொடுத்தது. படி எடுத்தால் மட்டும் போதாது. குறித்த கால இடைவெளியில் அதனை வேறொரு கணினியில் மீட்டுச் சரிபார்க்கவேண்டும் என்பதே இதன் பாடம்.

ஆண்டு முழுவதும் 99 விழுக்காடு இயங்கும் கணினி என்றால் சிறப்பாகத் தோன்றும். ஆனால் அது ஆண்டில் மூன்றரை நாட்களுக்கு மேல் நிற்கக்கூடும் என்பதே அதன் பொருள். 99.9 விழுக்காடு எனில் ஏறத்தாழ 8 மணி 45 நிமிடங்கள். பராமரிப்புப் பணிகளைக் கூட்டம் குறைந்த பின்னிரவில் மேற்கொள்வதும், கணினி நிற்கும்போது பயன்படுத்த அச்சிட்ட படிவங்களை ஒவ்வொரு பிரிவிலும் வைத்திருப்பதும் இக்காரணம் பற்றியே.

உங்கள் கையில் உள்ள படி

ஏலத்தோட்ட வேலைக்காக மலையேறிச் செல்வோர் பலர். அவர்கள் பூப்பாறைப் பக்கம் முதலுதவி பெற்று, பின் போடியிலும், தேவைப்படின் தேனி அரசு மருத்துவக் கல்லூரியிலும் சிகிச்சை தொடர்வதுண்டு. ஒரு மருத்துவமனையின் தரவுத்தளம் மற்றொன்றுக்குத் தெரியாது. ஆகவே நீங்கள் வைத்திருக்கும் கோப்பும் இன்றியமையாத ஒரு காப்புப் படியே. பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்:

• வெளிச்செல்லும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கத்தை ஈரம் படாத உறையில் வைத்து, ஒவ்வொரு வருகையிலும் கொண்டுவாருங்கள்.
• அதனைக் கைப்பேசியில் படமெடுத்து, குடும்பத்தில் மற்றொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.
• ஒவ்வாத மருந்துகள், நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகள், இரத்தப் பிரிவு ஆகியவற்றை ஒரு சிறு தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள்.
• விரும்பினால் 14 இலக்க ஆபா எண்ணைப் பெற்று, உங்கள் பதிவுகளை அதனுடன் இணைத்துக்கொள்ளலாம்.
• இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவுகள் 3 ஆண்டுகள் பாதுகாக்கப்படவேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரப்படவேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

கணினி இயங்காத வேளையில் உங்கள் பெயர், வயது, ஒவ்வாமை ஆகியவற்றைச் செவிலியர் மீண்டும் மீண்டும் கேட்கக்கூடும். பொறுமையுடன் விடையளியுங்கள். அவ்வேளையில் உங்கள் சொல்லே எங்களுக்குப் பதிவேடு.