என்ஜின் இல்லாமல் எவ்வளவு வேகம்?

கிளைடருக்கு என்ஜின் கிடையாது. அசைவற்ற காற்றில் அது சரிந்துகொண்டேதான் இருக்கும். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னே போனால் நல்ல கிளைடர். ஆயிரம் மீட்டர் உயரம் கையிருப்பில் இருந்தால் 40 கிலோமீட்டர் போகலாம். ஆனால் இங்கிலாந்தில் டன்ஸ்டபிள் குன்றுகளின் அடிவாரத்தில், 1930இல் தொடங்கிய லண்டன் கிளைடிங் கிளப்பிலிருந்து கோடை மதியத்தில் கிளம்புகிறவர்கள் இருநூறு கிலோமீட்டர் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறார்கள். குட்டி விமானமோ விஞ்ச்சோ கயிறு கட்டி மேலே இழுத்துவிடுவதோடு சரி. மற்றதெல்லாம் வெயிலின் உபயம்.

வெயிலில் ஈரப் புல்வெளியைவிட உழுத நிலமும் ஊர்க் கூரைகளும் சீக்கிரம் சூடேறும். அங்கே சூடான காற்று மேலெழும்பும். இதற்குத் தெர்மல் என்று பெயர். நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் அது குளிர்ந்து, ஈரம் திரளும் உயரத்தில் தட்டையான அடியுள்ள வெண்மேகமாகும். தரையில் வெப்பம் 24 டிகிரி, பனிநிலை, அதாவது ஈரம் திரளத் தொடங்கும் வெப்பநிலை, 14 டிகிரி என்றால் வித்தியாசத்தை 125ஆல் பெருக்குங்கள்: மேகத்தின் அடி சுமார் 1,250 மீட்டரில் இருக்கும். மேகம் இல்லாத இடத்தில் பருந்து வட்டமடித்தாலும் போதும், விமானி அங்கே போய்ச் சேர்ந்துகொள்வார். பருந்து ஆட்சேபிப்பதாகத் தெரியவில்லை.

மேலே ஏறுவதைவிட, அடுத்த தெர்மல்வரை எவ்வளவு வேகத்தில் போவது என்பதுதான் கடினமான கேள்வி. உயரத்தைச் சிக்கனமாகச் செலவழித்து மெதுவாகப் போகவே மனம் சொல்லும். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. அடுத்த தெர்மல் 20 கிலோமீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால் பதின்மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். இழப்பு 500 மீட்டர். 150இல் போனால் எட்டே நிமிடம். ஆனால் சுமார் 670 மீட்டர் போய்விடும். அங்குள்ள தெர்மல் விநாடிக்கு 2 மீட்டர் தூக்கினால், இழந்ததை மீட்கும் நேரத்தையும் சேர்த்து மெதுவானவருக்குப் பதினேழரை நிமிடம், வேகக்காரருக்குப் பதின்மூன்றரை. அதே தெர்மல் அரை மீட்டர்தான் தூக்குமென்றால் நிதானமே ஜெயிக்கும். ஆகவே இப்போதைய வேகத்தைத் தீர்மானிப்பது இன்னும் போய்ச் சேராத தெர்மலின் பலம். அதை ஊகிப்பதில்தான் விமானிக்கு விமானி வித்தியாசம்.

இந்தக் கணக்கை விமானிகளின் கைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கர் பால் மெக்கிரெடி. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோமீட்டரைச் சுற்றி ஒரு வளையம். எதிர்பார்க்கும் தெர்மலின் பலத்துக்கு அதைத் திருப்பி வைத்தால் பறக்க வேண்டிய வேகத்தை முள் காட்டும். இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. 'மெக்கிரெடி எண்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1956இல் அவர் கிளைடிங் உலக சாம்பியன் ஆனார். 1979இல் மனிதன் மிதித்தே இங்கிலீஷ் கால்வாயைக் கடந்த விமானமும் அவர் வடிவமைத்ததுதான்.

ஊகம் தவறினால்? அறுவடை முடிந்த வயலாகப் பார்த்து இறங்குவார்கள். விபத்தல்ல, பயிற்சியிலேயே கற்றுத்தருவது. நண்பர்கள் டிரெய்லரோடு வந்து, இறக்கைகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போவார்கள். வந்தவர்களுக்கு இரவுச் சாப்பாடு, வயலில் இறங்கியவர் செலவு.