வெண்புகையும் குறையும் நீரும்

மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் மூணாற்றில் எந்த வண்டியைக் கிளப்பினாலும் சைலன்சரிலிருந்து வெண்புகை எழும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. எரிபொருள் எரியும்போது இயல்பாகவே நீராவி உண்டாகிறது. அது குளிர்ந்த காற்றில் பட்டு நுண்துளிகளாக மாறுவதையே நாம் புகையெனக் காண்கிறோம். குளிர்நாளில் பேசும்போது நம் வாயிலிருந்து எழும் ஆவியும் இத்தகையதே. என்ஜின் சூடேறிய சில நிமிடங்களில் அது மறைந்துவிடும்.

சூடேறிய பின்னரும் வெண்புகை ஓயாமல் வருவதும், ரேடியேட்டரில் ஊற்றிய நீர் வாரந்தோறும் குறைவதும் சேர்ந்து நிகழ்ந்தால் அது வேறு செய்தி.

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளையும் வேன்களையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு அவை ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுகின்றன. பாலக்காடு மாவட்டத்தில் நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்குச் செல்லும் பாதையும் இத்தகையதே. அங்கே அடிவாரத்தின் பங்குனி வெயிலும் சேர்ந்துகொள்கிறது. ஏற்றத்தில் என்ஜின் மிகுதியாக உழைக்கிறது. வண்டியோ மெல்ல ஊர்கிறது. ஆகவே ரேடியேட்டரின் வழியே புகும் காற்றும் குறைகிறது. பழைய வண்டியின் மறைந்த குறை வெளிப்படுவது இவ்விடத்தில்தான்.

சிலிண்டருக்குள் எரியும் நெருப்பின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியசை எட்டும். அதனைச் சூழ்ந்த பள்ளங்களில் கூலண்ட் ஓடுகிறது. நெருப்பையும் நீரையும் பிரித்து வைப்பது ஹெட் கேஸ்கெட் என்னும் மெல்லிய தகடு. பல வண்டிகளில் அதன் கீழே இரும்பும் மேலே அலுமினியமும் உள்ளன. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். என்ஜின் அளவுமீறிக் கொதித்தால் மேற்பகுதி வளைந்து, கேஸ்கெட் கருகி, கூலண்ட் சிலிண்டருக்குள் கசிந்து ஆவியாக வெளியேறும்.

எனினும், எடுத்த எடுப்பில் கேஸ்கெட்டைப் பழித்தல் தவறு. அதனை மாற்ற என்ஜினைத் திறக்க வேண்டும். ஓட்டுநரின் பல நாள் வருமானம் அதில் கரையும். ஆதலின் எளியவற்றிலிருந்து தொடங்குவோம். இரவில் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து, காலையில் ஈரம் உள்ளதா எனக் காண்க. ரப்பர் குழாய்களின் முனைகளையும் நீர்ப் பம்பின் அடிப்பகுதியையும் தடவிப் பார்க்க. பின்னர் ரேடியேட்டர் மூடியை நோக்குக. 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதிக்கும். நல்ல மூடியோ அழுத்தத்தைக் காத்து, அதைவிட மிகுந்த வெப்பத்திலும் நீரைக் கொதிக்கவிடாது. மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் மலையில் நீர் கொதித்து வழிந்துவிடும். சிறு செலவில் தீரும் குறை இது. சூடான என்ஜினில் அம்மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. பீறிடும் கொதிநீர் முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும்.

வெளியே கசிவில்லையெனில் குறை உள்ளே இருக்கலாம். ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பினால், ரேடியேட்டர் நீரில் குமிழிகள் இடைவிடாது எழும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த தேநீர் நிறத்தில் கசடு படிந்திருக்கலாம். குளிர்காலக் காலையில் சிறிதளவு ஈரம் படிவதும் உண்டாகையால் இதனை மட்டும் நம்புதல் கூடாது. கூலண்ட் கலந்த புகையில் சற்றே இனிய மணம் இருக்கும். கண்ணை எரிக்கும் வெண்புகை வந்தால், அது பெரும்பாலும் எரியாத டீசல். அங்கே நாட வேண்டியது டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை.

உறுதியான சோதனையும் ஒன்று உண்டு. சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதி அது வெண்மையாவதை நீங்கள் வகுப்பில் கண்டிருப்பீர்கள். அதுபோலவே, ரேடியேட்டரின் வாயில் எழும் காற்றை ஒரு நீலநிற நீர்மத்தின் வழியே செலுத்துவர். நெருப்பின் கரியமில வாயு கூலண்டில் கலந்திருப்பின் நீலம் மஞ்சளாக மாறும்.

கசிவை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள்தூள் இடும் வழக்கம் ஓட்டுநரிடையே உண்டு. ஊசித்துளையை அது சில நாள் அடைக்கலாம்; ரேடியேட்டரின் மெல்லிய குழல்களையும் சேர்த்தே அடைத்துவிடும். வழியோர ஓடையின் குளிர்நீரைக் கொதிக்கும் என்ஜினில் ஊற்றுவது அதனினும் தீது, உலோகமே வெடித்துவிடக்கூடும்.

கேஸ்கெட்தான் பழுது எனத் தெளிந்தபின், மேற்பகுதியைக் கழற்றி, நேர்ச்சட்டத்தை அதன்மேல் வைத்து வளைவு உள்ளதா என அளக்க வேண்டும். வளைந்திருப்பின் லேத் பட்டறையில் சமப்படுத்திய பிறகே புதிய கேஸ்கெட்டைப் பொருத்த வேண்டும். இதனை விடுத்துத் தகட்டை மட்டும் மாற்றிய வண்டி, அடுத்த சில ஏற்றங்களிலேயே மீண்டும் வெண்புகை கக்கி நிற்கும்.