கியர் விழவில்லையா? டிராக்டரைப் பிரிக்கும் முன் இன்ஜினை நிறுத்திப் பாருங்கள்

'நாத்துக்கு 22 நாள் ஆச்சுங்க. வயல்ல தண்ணி நிக்குது. வண்டில கியர் விழமாட்டேங்குது, கரகரன்னு கத்துது. மெக்கானிக் வந்து பார்த்துட்டு, ரெண்டா பிரிச்சாத்தான் தெரியும்ங்கிறார். பிரிச்சிடலாமா?'

ஒரத்தநாடு பக்கமிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு, டெல்டாவில் பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் பலருக்கும் வரும் தலைவலிதான். டிராக்டரைப் பிரித்தால் குறைந்தது இரண்டு, மூன்று நாள் போய்விடும். நாற்று அதுவரை காத்திருக்காது. எனவே, பிரிக்கும் முன் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று விழாவிட்டால் உடனே பயப்பட வேண்டாம். பல்லோடு பல் முட்டிக்கொண்டு நிற்கலாம். நியூட்ரலில் வைத்து, இரண்டு பேர் சேர்ந்து வண்டியை ஒரு சாண் தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லா கியரும் பதமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கத்தினால், பெரும்பாலும் குற்றம் கியர் பெட்டியில் இல்லை. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம்.

அப்போது முதலில் பார்க்க வேண்டியது பெடல். கையால் அமுக்கினால் கனம் தட்டும் வரை எவ்வளவு தூரம் சும்மா இறங்குகிறது? பல வண்டிகளுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கும்; உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரி. அதைவிடக் கூடுதலாக இறங்கினால் கிளட்ச் பிரியாது. பெடலில் இருந்து போகும் ராடு, அதன் பின், பின் நுழையும் ஓட்டை மூன்றையும் பாருங்கள். சேற்றிலேயே உழைத்த வண்டியில் வட்ட ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கும்.

பெடல் சரியாக இருந்தும் கத்துகிறதா? கோடையில் வண்டி சும்மா நின்றதா என்று யோசியுங்கள். ஈரத்தோடு நிறுத்திய வண்டியில் கிளட்ச் தட்டு துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். அதை விடுவிப்பது விவரம் தெரிந்தவர், வெட்டவெளியில் செய்ய வேண்டிய வேலை. நீண்ட நாள் நிறுத்தும்போது பெடலை அமுக்கிய நிலையில் கட்டை கொடுத்து வைத்தால் இந்தத் தொல்லை வராது. இன்னொன்று, சேற்றுழவுக்காகக் கிளட்ச் கூட்டின் அடியில் உள்ள வடிகால் ஓட்டையை அடைக்கிறோம். வேலை முடிந்ததும் அதைத் திறந்து தண்ணீரை வடிக்க நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

இன்ஜின் நின்றிருக்கும்போதும் கியர் விழவில்லை என்றால் லிவர் பக்கம் வாருங்கள். பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இது பழகிய சங்கதி. ஸ்டீயரிங்கில் இருக்கும் லிவரிலிருந்து கீழே பெட்டி வரை ராடுகள் போகும். நடுவில் ஒரு புஷ் தேய்ந்தாலும் மேலே கை ஆடும், கீழே கியர் விழாது. பக்கவாட்டில் லிவர் உள்ள டிராக்டர்களும் அப்படித்தான். ஒருவர் லிவரை அசைக்க, இன்னொருவர் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த மூட்டு வரை அசைவு வந்து, எதற்கு அப்பால் வரவில்லையோ, அங்கேதான் கோளாறு. புஷ், பின் இரண்டும் சில்லறைச் செலவு.

நடுவில் லிவர் உள்ள பழைய மாடல்களில் ராடு கிடையாது. லிவரின் அடிமுனை நேராகப் பெட்டிக்குள் இறங்கி, கியரைத் தள்ளும் தண்டுகளின் காடியில் உட்காரும். முனையும் காடியும் தேய்ந்தால், லிவர் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு நழுவி, இரண்டு கியர் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்ளும். சக்கரம் பூட்டியது போல் நிற்கும். இழுத்துப் பார்க்காதீர்கள். மேல் மூடியைக் கழற்றி, தண்டுகளை நியூட்ரலுக்கு நேராக்கினால் விடுபடும். அதற்கு வண்டியைப் பிரிக்கத் தேவையில்லை. லிவரின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அதன் வழியே மழைத்தண்ணீர் இறங்கினால் கியர் ஆயில் மோர் போல் வெளுத்துவிடும்.

ஒரு குறையை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பாரம் ஏறும்போது கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளுவதைச் சொல்கிறேன். உள்ளே ஸ்பிரிங், குண்டு, ஃபோர்க் அல்லது பல்லே தேய்ந்திருக்கும். நெல் மூட்டையோடு டிரெய்லரை வாய்க்கால் கரையில் ஏற்றும்போது இப்படித் துள்ளினால், வண்டி பின்னால் உருளும். பின்னால் நிற்பவருக்குத் தப்ப இடமிருக்காது. லிவரைக் கயிற்றால் கட்டி ஓட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்று கீழே நின்று, ஸ்டார்ட்டரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து இணைப்பதும் அதே ரகம்தான். 1946-இல் வந்த ஃபெர்குசன் டிராக்டரில் கியர் லிவரையே ஸ்டார்ட் நிலைக்குத் தள்ளினால்தான் இன்ஜின் சுற்றும். கியரில் இருக்கும் வண்டி கிளம்பி, ஆள் மேல் ஏறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. இன்றைய வண்டிகளில் அந்த வேலையைச் செய்யும் சுவிட்சை நாம்தான் கழற்றிப் போடுகிறோம்.

ஒரத்தநாட்டுக்காரர் இன்ஜினை அணைத்துப் பார்த்தார். எல்லா கியரும் விழுந்தன. பெடல் ராடின் ஓட்டை தேய்ந்திருந்தது. பட்டறையில் பற்ற வைத்து, புது ஓட்டை போட்டு, பின் மாற்றியதில் அன்று மாலையே உழவு ஓடியது. மூன்றாவது கியர் மட்டும் அவ்வப்போது துள்ளுகிறதாம். டிரெய்லரை மாட்ட வேண்டாம், நடவு முடிந்த கையோடு பெட்டியைத் திறந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.