ஒரு தாளம், பல குரல்கள்

பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பிலே ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று குறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். மெட்டு ஒன்று, அதில் அமைந்த பாட்டுக்களோ பல. கரீபியக் கடலிலுள்ள ஜமைக்காத் தீவில் இதனையொத்த வழக்கம் ஓர் இசைத் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

அங்கே திறந்த வெளியில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, இசைத்தட்டுக்களை ஒலிக்கச் செய்து மக்கள் நடனமாடுவர். அந்த நடன அரங்கின் பெயரே ‘டான்ஸ்ஹால்’ என்னும் இசைக்கும் பெயராயிற்று. தாளமும், அதனோடு மந்தர ஸ்தாயியில் இழையும் இசையும் சேர்ந்த பின்னணியை ‘ரிதிம்’ என்பர். இங்கே பொதுவாக நிற்பது பின்னணி. அதன்மேல் மெட்டையும் சொல்லையும் ஒவ்வொரு பாடகரும் தாமே அமைத்துக்கொள்வர்.

இவற்றுள் புகழ்பெற்றது ‘ஸ்லெங் டெங்’. அதன் பிறப்பிடம் ஜப்பான். காஸியோ நிறுவனம் 1981-இல் எம்.டி.-40 என்னும் சிறிய மின்னணு இசைப்பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிலே பொத்தானை அழுத்தியதும் தானே ஒலிக்கும் தாளங்கள் சில இருந்தன. அவற்றை அமைத்தவர் ஒக்குடா ஹிரோக்கோ என்ற பெண்மணி. கல்லூரியில் ஜமைக்காவின் ரெகே இசையை ஆராய்ந்து, 1980-இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தவர் அவர்.

அப்பெட்டியொன்று கிங்ஸ்டன் நகரத்து இளைஞர் நோயல் டேவியிடம் இருந்தது. அவரும் பாடகர் வெயின் ஸ்மித்தும் அதிலிருந்த ‘ராக்’ தாளத்தைக் கண்டு, லாய்ட் ஜேம்ஸ் என்னும் ஜாமியின் ஒலிப்பதிவுக் கூடத்திற்கு எடுத்துச் சென்றனர். ஜாமி அதன் வேகத்தைத் தணித்து, பியானோவும் கைத்தட்டல் ஒலியும் சேர்த்தார். 1985 பிப்ரவரி 23-ஆம் நாள், பிளாக் ஸ்கார்ப்பியோ என்னும் ஒலிபெருக்கிக் குழுவுடன் நடந்த போட்டியில் அது முழங்கியது, கூட்டம் மயங்கியது. அதே பின்னணியில் டெனர் சா, ஜானி ஆஸ்போர்ன் முதலியோரும் வெவ்வேறு பாட்டுக்களைப் பாடினர். பின்னர் எழுந்தவை நூற்றுக்கணக்கானவை.

இவ்வெற்றிக்கு விலையும் உண்டு. அதுகாறும் பெரும்பாலும் டிரம், கிதார் வாசிப்போர் குழுவாகக் கூடிப் பின்னணி அமைத்து வந்தனர். இயந்திரம் வந்தபின் அவர்களிற் பலர் பிழைப்பை இழந்தனர். மறுபுறம், வாத்தியக் குழுவை அமர்த்த வசதியற்ற எளிய இளைஞருக்கு இசைத்துறையின் கதவு திறந்தது. நன்மையையும் தீமையையும் ஒரே பொத்தான் விளைத்தது எனலாம்.

இந்த இசை யாருடையது? தாளத்தை அமைத்தவர் ஒருவர், கண்டெடுத்தவர் இருவர், பக்குவப்படுத்தியவர் வேறொருவர், பாடியவரோ பலர். இவர்களுள் ஒக்குடாவின் பெயர் நெடுங்காலம் வெளியே தெரியவில்லை. ரெகேயைக் கற்றுத் தாம் அமைத்த தாளம், அவ்விசை பிறந்த மண்ணுக்கே போய்ச் சேர்ந்ததை அவர் பின்னரே அறிந்தார். ஒரு பொருளைப் பலர் பகிர்ந்து வளர்க்கும்போது, அதைத் தொடங்கி வைத்தவரையும் நினைவிற் கொள்வதே முறை.