இம்பிளான்ட் பல்லுக்கு அளவு: பசையா, ஒளியா?

தாடை எலும்பில் பதித்த இம்பிளான்டின் மேல் பல் பொருத்த வேண்டுமானால், அது வாயில் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் நிற்கிறது என்பது பல் செய்பவரின் மேசைக்குப் பிசகாமல் போய்ச் சேர வேண்டும். இதைத்தான் அளவு எடுப்பது என்கிறார்கள். ட்ரேயில் பசை நிரப்பி வாயில் வைத்து அச்சு எடுப்பது பழைய முறை. கைக்கடக்கமான ஸ்கேனரை வாய்க்குள் நகர்த்தி ஒளியால் உருவம் பிடிப்பது புதிய முறை.

இயற்கைப் பல்லுக்கு எடுக்கும் அளவை விட இதில் கறார் அதிகம். இயற்கைப் பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. நடுவே ஒரு நார்ப்படலம் உண்டு. கடிக்கும்போது பல் 100 மைக்ரோன் வரை, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை, அசைந்து கொடுக்கும். அதன் மேல் மாட்டும் உறையான கிரவுன் சற்றுப் பிசகினாலும் பல் ஒத்துப்போய்விடும். இம்பிளான்டுக்கு அந்தப் படலம் இல்லை. டைட்டேனியத்தை எலும்பு நேராகவே பற்றிக்கொள்ளும் என்பதை 1950களில் முயலின் எலும்பில் கண்டவர் சுவீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க். 1965இல் அவர் முதல் நோயாளிக்குப் பதித்த இம்பிளான்டுகள், அந்த நோயாளி 2006இல் இறக்கும்வரை பயன்பட்டன. அந்தப் பிடிமானமே இங்கே சிக்கலும் ஆகிறது: இம்பிளான்ட் சில மைக்ரோனுக்கு மேல் அசையாது. பிசகின் பாரம் உள்ளே இருக்கும் சின்னத் திருகாணியில் விழும். அது அடிக்கடி தளரும்; சில வேளை முறியும்.

பழைய முறையில், ஈறில் இருக்கும் மூடியைக் கழற்றிவிட்டு, இம்பிளான்டில் ஓர் உலோகக் குச்சியைத் திருகி நிறுத்துவார்கள். பாலிஈதரோ சிலிக்கோனோ நிரப்பிய ட்ரே அதன்மேல் அமரும். ட்ரேயின் முதுகில் ஒரு துளை. அதன் வழியே குச்சியின் திருகாணித் தலை வெளியே எட்டிப் பார்க்கும். பசை இறுகியதும் திருகாணியைத் தளர்த்தி ட்ரேயை இழுத்தால், குச்சியும் பசையோடு வந்துவிடும். இது திறந்த ட்ரே. மூடிய ட்ரேயில் குச்சி வாயிலேயே நிற்கும். பின்பு அதைக் கழற்றிப் பசையில் பதிந்த பள்ளத்தில் கையால் சொருக வேண்டும். பிசகு நுழைவது பெரும்பாலும் அந்தச் சொருகலில்தான். இம்பிளான்டுகள் பலவாக இருந்தால் திறந்த ட்ரேயே நம்பகமானது. அதன் பிறகு இம்பிளான்டின் மாதிரி ஒன்றைக் குச்சியில் திருகிச் சாந்து ஊற்றினால் வாயின் நகல் தயார்.

பசை சற்றுச் சுருங்கும், சாந்து சற்று விரியும். சாந்து 0.1 சதவீதம் விரிந்தாலே 50 மில்லிமீட்டர் அகலமான தாடையில் 50 மைக்ரோன் போய்விடும். இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டுவதால்தான் இந்த முறை இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறது. எதிர்த்தாடையின் அச்சுக்கு இந்த அளவு கறார் வேண்டாம். அதற்கு அல்ஜினேட் போதும். அல்ஜினேட்டுக்கு முன் அச்சுக்குப் பயன்பட்ட அகார், ஜப்பானியக் கடற்பாசியிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் அந்த அகார் வரத்தை அடைத்தது. அந்த இடத்துக்குக் கபிலநிறக் கடற்பாசியின் அல்ஜினேட் வந்து நிலைத்துவிட்டது.

ஒளியால் அச்சு எடுக்கும் எண்ணத்தை 1973இல் முன்வைத்தவர் பிரான்ஸின் பிரான்சுவா துரே. 1985இல் சூரிச்சில் வெர்னர் மோர்மன் வாய்க்குள் படம்பிடித்து, அங்கேயே இயந்திரத்தில் கடைந்த நிரப்பியை நோயாளியின் பல்லில் வைத்தார். இம்பிளான்ட் வேலையில் உலோகக் குச்சியின் இடத்தில் ‘ஸ்கேன் பாடி’ என்ற சிறு உருளை நிற்கும். அதன் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும்; இம்பிளான்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கணினி அதிலிருந்து அறியும். மூடியைக் கழற்றிய சில நிமிடங்களில் ஈறு உள்நோக்கிச் சரியத் தொடங்குவதால், தேர்ந்த மருத்துவர் முதலில் வெறும் ஈறைப் படம்பிடித்துக்கொண்டு பிறகே ஸ்கேன் பாடியைத் திருகுவார். உருளை முழுதாக அமராமல் அடியில் ஈறின் ஓரம் சிக்கினால், திரையில் படம் அழகாகத்தான் தெரியும். பல் மட்டும் பொருந்தாது. சந்தேகம் இருந்தால் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

ஒன்றிரண்டு பற்களுக்கு ஸ்கேன் பழைய அச்சுக்குச் சற்றும் குறைந்ததல்ல. வாந்தி உணர்வு வரும் நோயாளிக்கு அது பெரிய ஆறுதலும்கூட. பற்களே இல்லாத முழுத்தாடை வேறு கதை. ஸ்கேனர் ஒரு தடவையில் பார்ப்பது சிறு துண்டு. ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒட்டித்தான் முழு உருவம் வருகிறது. பெரிய வளவின் எல்லையை ஒரு சாண் கோலால் அளப்பது போல, ஒவ்வோர் ஒட்டலிலும் சேரும் சிறு பிசகு மறுகோடிக்குப் போகும்போது பெருத்துவிடும். வழுவழுப்பான ஈறில் அடையாளம் பிடிக்கவும் எதுவும் இல்லை. கீழ்த்தாடையில் நாக்கும் உமிழ்நீரும் வேறு குறுக்கிடும். முழுத்தாடைக்கு, குச்சிகளை ரெசினால் ஒன்றோடொன்று பிணைத்துத் திறந்த ட்ரேயில் எடுக்கும் அச்சு இன்றும் பிடி தளராத முறை. எல்லா இம்பிளான்டுகளையும் வெளியே இருந்து ஒரே பார்வையில் பிடிக்கும் போட்டோகிராமெட்ரி கமெராக்கள் அதற்கு ஒளியின் பதில். ஆனால் அவை விலை கூடியவை.

திருகோணமலையின் அன்புவழிபுரத்தில் இருக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கில் வேறு சிலவும் சேர்கின்றன. பல் செய்யும் வேலை ஏறத்தாழ 260 கிலோமீட்டர் தள்ளிக் கொழும்புக்குப் போவதாக வைத்துக்கொள்ளலாம். அல்ஜினேட் அச்சு அந்தப் பயணத்தைத் தாங்காது. உடனே சாந்து ஊற்றியாக வேண்டும். நல்ல சிலிக்கோன் அச்சு பல நாட்கள் வடிவம் மாறாது. ஆகவே தூரத்தைக் காட்டி ஸ்கேனரைப் புகழ்வது பாதிதான் சரி. உண்மையான இலாபம் வேறு: ஸ்கேனில் விட்டுப்போன இடம் நோயாளி கதிரையில் இருக்கும்போதே திரையில் ஓட்டையாகத் தெரியும், அந்த இடத்தை மட்டும் திரும்பப் பிடிக்கலாம். அச்சில் நேர்ந்த தவறு சில வேளை கொழும்பில் சாந்து ஊற்றிய பிறகே தெரியவரும்.

கச்சான் வீசும் மாதங்களின் வெக்கையில் சிலிக்கோன் வழக்கத்தை விட விரைவாக இறுகும். ட்ரே வாய்க்குப் போகுமுன்பே இறுகத் தொடங்கிவிட்டால் அச்சு கெட்டது. பாலிஈதர் ஈரத்தை உறிஞ்சி உப்பும். வெற்றிலை பாக்கு நெடுநாள் போட்டுக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகியவர்களுக்கு வாய் முழுதாகத் திறக்காது. அவர்களின் கடைவாயில் ட்ரேயையும் நீண்ட திருப்புளியையும் நுழைப்பது பெரும்பாடு. ஸ்கேனரின் நுனி மெல்லியது என்றாலும் ஸ்கேன் பாடிக்கு மேலே அதற்கும் இடம் வேண்டும்.

எந்த முறையானாலும் முழுத்தாடை வேலையில் இறுதிப் பல்லைச் செய்யுமுன், மாதிரிச் சட்டம் ஒன்றை வாயில் வைத்து ஒரு பக்கத் திருகாணியை மட்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். மறுபக்கம் மேலெழும்பினால் அளவு பிழை. இந்தச் சோதனையைத் தவிர்ப்பவரிடம் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்கேனர் இருந்தும் பயனில்லை.

நோயாளி செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கொழும்பிலோ இலண்டனிலோ டொரொன்டோவிலோ இம்பிளான்ட் பதித்துக்கொண்டு, ஊரில் பல் கட்ட வருகிறவர்கள் இருக்கிறார்கள். குச்சியும் ஸ்கேன் பாடியும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒன்றுக்குரியது மற்றதில் பொருந்தாது. இம்பிளான்டின் நிறுவனப் பெயர், வகை, விட்டம், நீளம் ஆகியவை எழுதிய அட்டையைப் பதித்த மருத்துவரிடம் அன்றைக்கே கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.