டிஸ்க்கில் இடம் எங்கே போச்சு?

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2011-ல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகு பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருக்கும்; டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் செய்தது. பாதிப் பேர் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். போனவர்கள் சொல்வது இது: "அண்ணே, டிஸ்க் ஃபுல்லுங்குது. உள்ள பார்த்தா அவ்வளவு ஃபைலே இல்ல."

டெர்மினலில் இரண்டு கட்டளை கொடுப்பேன்: டிஎஃப், டியு. 1971-ல் பெல் லேப்ஸில் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இரண்டும் உண்டு. ஒரே டிஸ்க்குக்கு இரண்டும் வேறு வேறு கணக்குச் சொல்லும்.

கருவாட்டுக் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளை பேரேட்டைப் புரட்டி, இன்னும் எவ்வளவு இடம் பாக்கி என்பார். அது டிஎஃப். இன்னொருவர் உள்ளே போய், பெயர்ச்சீட்டு உள்ள மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி வருவார். அது டியு. சீட்டைக் கிழித்துவிட்டால் மூட்டை இவர் எண்ணிக்கையில் வராது; இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும்.

லினக்ஸில் ஃபைலை அழிப்பது என்றால் முதலில் பெயரைத்தான் எடுப்பது. ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் திரும்பாது. ஹோம் ஃபோல்டரில் 'எக்ஸ்செஷன்-எரர்ஸ்' என்று ஒரு ஃபைல் இருக்கும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் கண்ணில் படாது. கோளாறான புரோகிராம் ஒன்று ஓயாமல் புலம்பினால் அது ஜிபி கணக்கில் ஊதிவிடும். அதைக் கண்டுபிடித்து அழித்த கெட்டிக்காரப் பையன்கூட இடம் வரவில்லை என்று வந்து நிற்பான். லாக்-அவுட் செய்தால் போதும், வந்துவிடும். எந்தப் புரோகிராம் பிடித்துவைத்திருக்கிறது என்று பார்க்க எல்எஸ்ஓஎஃப் இருக்கிறது.

டிஎஃப் காட்டுவதில் பயன்படுத்தியதையும் மீதியையும் கூட்டினால் மொத்தம் வராது. எக்ஸ்ட்4 கோப்பமைப்பு வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் எனும் நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கிவிடுவதுதான் காரணம். டிஸ்க் நிரம்பினாலும் சிஸ்டம் மூச்சுவிட அந்த இடம் வேண்டும். 100 ஜிபி என்றால் 5 ஜிபி அங்கே போய்விடும். வெறும் படம், பாட்டு வைக்கும் தனி டிஸ்க்குக்கு இது அதிகம்தான். டியூன்2எஃப்எஸ் கொண்டு குறைத்துக்கொள்ளலாம்.

500 ஜிபி என்று வாங்கியது 465 சொச்சமாகத் தெரிவதற்குக் கடைக்காரரைத் திட்டவேண்டாம். டிஸ்க் செய்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், 'ஹெச்' போட்ட டிஎஃப் 1024-ஆல் வகுக்கிறது.

மீதி நிறையக் காட்டியும் புது ஃபைல் போட முடியவில்லையா? அப்போது ஐநோடு தீர்ந்திருக்கும். ஃபைலுக்கு ஒன்று வீதம் செலவாகும் பதிவு அது; எத்தனை என்பது ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும். துக்கடா ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இந்த நிலை வரும். டிஎஃப்-போடு 'ஐ' சேர்த்துப் போட்டால் தெரிந்துவிடும். டியு-வை மட்டும் நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு ஓட்டுங்கள். அனுமதி இல்லாத ஃபோல்டருக்குள் அது நுழையாது, கணக்கு குறைந்தே வரும்.